எல்லாருக்கும் படகையே காட்டும் ஆப்

கேள்வி: குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். விருந்தாளிகளுக்கு அவரவர் விருப்பப்படி இடம் சொல்லும் ஆப் ஒன்றை மகன் செய்கிறான். இரண்டு வருடத்தில் தங்கிய அறுநூறு பேர் எங்கெங்கே போனார்கள் என்ற விவரம் இருக்கிறது. ஆனால் யாராக இருந்தாலும் தேக்கடி படகு சவாரிதான் முதலில் வருகிறது. என்ன தப்பு?

பதில்: ‘இவரைப் போன்ற மற்றவர்கள் எங்கே போனார்கள்’ என்று பார்க்கும் கொலாபரேட்டிவ் ஃபில்டரிங் முறையை மகன் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். சினிமாவுக்கு அது சரி, ஒரே ஆள் நூறு படம் பார்ப்பார். உங்களிடம் வருகிறவர் ஒருமுறை வந்து இரண்டு மூன்று இடம் பார்த்துவிட்டுப் போகிறார். ஆளுக்கு ஒரு வரி, இடத்துக்கு ஒரு கட்டம் என்று போட்ட அட்டவணையில் பெரும்பாலான கட்டங்கள் காலியாகக் கிடந்தால், எல்லாரும் போகிற இடம்தான் மேலே மிதக்கும்.

ஆளை விட்டுவிட்டு இடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எக்செல்லில் இடத்துக்கு ஒரு வரி: நடை எவ்வளவு, போய்வர எத்தனை மணி, முட்டிவலிக்காரருக்கு ஆகுமா, மழையில் எப்படி. மணிக்கணக்கை ஜீப் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். மூணாறு நூறு கிலோமீட்டர் பக்கம்தான், மலைப்பாதையில் மூன்று மணி நேரம் தாண்டிவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம் வேறு. அந்த மாதங்களுக்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

அப்புறம், விருந்தாளிக்கு எந்த இடம் பொருந்தும் என்று மதிப்பெண் போடும் முன்பே கழித்துக்கட்ட வேண்டியவை உண்டு. மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பக்தர்களை விடுவது சித்திரா பௌர்ணமி அன்று மட்டும். மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டி போடும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில், மூடிவிடுவார்கள். இவை அந்தந்த நாளில் பட்டியலுக்குள்ளேயே வரக்கூடாது. டிசம்பர் விருந்தாளியைக் கண்ணகி கோயிலுக்குப் போகச் சொன்ன ஆப்பை அதன் பிறகு யார் நம்புவார்?

மிச்சம் சுலபம். வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: யாரோடு வந்தீர்கள், எவ்வளவு நடப்பீர்கள், காடா காட்சிமுனையா. பதிலை எண்ணாக்கி, அதே மூன்றுக்கும் இடத்துக்கு எண் போட்டு, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் கொசைன் ஒப்புமை பார்த்தால் போதும். பைத்தானில் சில வரிதான். ஐந்து இடம் காட்டினால் ஐந்தாவதாக, அதிகம் பேர் போகாத ஒன்றை வேண்டுமென்றே வையுங்கள். குமுளி பக்கத்துக் காட்சிமுனையான செல்லார்கோவில் யாருக்குப் பிடிக்கும் என்பது ஆளை அனுப்பினால்தானே தெரியும்!

கடைசி மூன்று மாத விருந்தாளிகளின் விவரத்தை ஆப்புக்குக் காட்டாமல் மறைத்து வைத்து, அவர்கள் போன இடத்தை அது சரியாகச் சொல்கிறதா என்று சோதியுங்கள். ஆனால் பழைய நோட்டில் இருப்பது போன கணக்கு மட்டுமே, பிடித்ததா என்பது அதில் இல்லை. அறைச் சாவியைத் திருப்பி வாங்கும்போது “எது வீண்?” என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை அன்றைக்கே பதிந்துவிடுங்கள்.