கார்பன் கிரெடிட் காசு யார் கைக்குப் போகுது?

கேள்வி: ஃபிளைட் டிக்கெட் போடறப்ப கார்பன் ஆஃப்செட்னு, அதாவது ஃபிளைட் விடற புகைக்கு ஈடா, கொஞ்சம் எக்ஸ்ட்ரா கட்டச் சொல்றாங்க, ஏழை நாடுகள்ல மரம் வளர்க்க, அடுப்பு குடுக்கன்னு போட்டிருக்கு. அந்த ஜனங்களுக்கு நெஜமாவே ஏதாச்சும் போய்ச் சேருதா?

பதில்: சில எடத்துல சேருது, பல எடத்துல சேரல. நான் மொதல்ல பாக்கறது ஒண்ணுதான், நிலம் யாரோடது, வர்ற காச என்ன செய்யணும்னு யார் முடிவு பண்றாங்க.

கென்யா கடலோரத்துல காஸி (Gazi) விரிகுடான்னு ஒரு எடம், அங்க மிக்கோகோ பமோஜான்னு ஒரு திட்டம் 2013லேருந்து நடக்குது. 117 ஹெக்டேர் அலையாத்திக் காடு, ஒரு டன் கரியமில வாயுவ கொறச்சா ஒரு கிரெடிட்னு கணக்கு, இவங்க வருஷத்துக்கு சுமார் 3,000 டன் அளவுக்குத்தான் கிரெடிட் விக்கறாங்க, ரொம்பச் சின்னது. ஆனா காச எதுக்கு செலவழிக்கணும்னு ஊர்க்காரங்களே கூடிப் பேசி முடிவு பண்றாங்க, அதுலதான் குடிதண்ணி வந்துச்சு, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு புக்கு வந்துச்சு.

உகாண்டால கச்சுங்னு ஒரு எடத்துல நடந்தது வேற கதை. காட்டு நிலத்த ஒரு நார்வே கம்பெனிக்கு குத்தகைக்கு விட்டு பைன் மரமா நட்டாங்க, அதுவரைக்கும் அங்க மாடு மேய்ச்சு, பயிர் வெச்சு பொழச்சவங்கள உள்ள வராதேன்னு சொல்லிட்டாங்க. கிரெடிட் வாங்கிட்டிருந்த ஸ்வீடன் அரசோட எனர்ஜி ஏஜென்சியே 2015ல பணத்த நிறுத்தி வெச்சுது. மரம் வளந்துச்சு சரி, சோத்துக்கு என்ன பண்ணுவாங்க? எனக்கு இது சாதாரண நிர்வாகக் கோளாறா தெரியல, பெரிய அநியாயம்.

அடுப்பு விஷயம் கொஞ்சம் சிக்கல். புகை கம்மியான அடுப்பு வந்தா பொம்பளைங்களுக்கு இருமல், கண்ணெரிச்சல் கொறையும், விறகு பொறுக்க நடக்கற நேரமும் மிச்சம், அது நெஜமான உதவிதான். ஆனா புது அடுப்பு ஒரு மூலைல இருக்க பழைய அடுப்புலயும் சமைக்கத்தான் செய்வாங்க, கணக்குல மட்டும் புதுசுலயே முழுக்க சமைச்ச மாதிரி எழுதிடறாங்க. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024ல பாத்தப்ப, அவங்க எடுத்துகிட்ட திட்டங்கள்ல நெஜமா கொறஞ்சத விட 9 மடங்குக்கு மேல கிரெடிட் குடுத்திருந்தது தெரிஞ்சுது.

கேள்வி: அப்ப கட்டவே வேணாமா?

பதில்: திட்டத்தோட பேர், ஊருக்கு எத்தன பங்கு, ரெண்டும் வெளிப்படையா போட்டிருந்தா கட்டுங்க, இல்லன்னா வேணாம். கென்யால 2023ல சட்டமே போட்டுட்டாங்க, நிலம் சார்ந்த திட்டம்னா செலவு போக வர்றதுல கொறஞ்சது 40 சதவீதம் அந்த ஊர் ஜனங்களுக்குக் குடுக்கணும். கட்டிட்டோமேன்னு இன்னொரு ஃபிளைட் மட்டும் ஏறிடாதீங்க.