பக்கத்து வகுப்பின் கதவு

போன இதழில் ஆசிரியர் பயிற்சிகளைப் பற்றி நாலு வரி எழுதினேன், கடிதமும் வாட்ஸ்அப் செய்தியுமாகக் குவிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. பயிற்சியில் சொல்வது வகுப்புக்குள் எப்படி வந்து சேரும் என்ற ஒரே கவலையைத்தான் பலரும் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, நான்கு மாதத்துக்கு முன்பு பதவி உயர்வில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஆனேன். என்னோடு சேர்த்து ஏழு பேர், அதில் இரண்டு பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். எழுத்தர் கிடையாது. காலையில் எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தகவல் முறை) வருகைப் பதிவில் தொடங்கினால் சத்துணவு, விலையில்லாப் பொருள் கணக்கு, கூட்டம், திரும்பவும் கணக்கு என்று நாள் ஓடிவிடுகிறது. கல்வித் தலைமை, அதாவது மற்ற ஆசிரியர்களின் கற்பித்தலுக்கு வழிகாட்டுவது, உங்கள் வேலை என்று பயிற்சியில் சொன்னார்கள். அடுத்தவர் வகுப்பில் போய் உட்காரவே கூச்சமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்க?
– தலைமையாசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் வகுப்பிலிருந்தே தொடங்குங்கள் டீச்சர். அடுத்தவர் வகுப்புக்குப் போவதற்கு முன்னால் அவர்களை உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். உங்களைவிட மூத்த அந்த இரண்டு பேரில் ஒருவரிடம், "எட்டாம் வகுப்பில் இந்தப் பாடம் எனக்குச் சரியாக வரவில்லை, பின்னால் உட்கார்ந்து பிள்ளைகள் எந்த இடத்தில் விழிக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மனதாரக் கேட்க வேண்டும். அவர் வந்து பார்த்துச் சொன்னதில் ஒன்றையாவது மறுநாளே வகுப்பில் செய்து காட்டிவிட்டீர்கள் என்றால் அப்புறம் நீங்கள் அவர் வகுப்புக்குப் போகும்போது அது சோதனையாக இருக்காது.

நான் தலைமையாசிரியை ஆன முதல் வருஷம் இதைத் தலைகீழாகச் செய்தேன். பார்வைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்ப் பாடக்குறிப்பு உண்டா, துணைக்கருவி உண்டா, கரும்பலகையில் தேதி இருக்கிறதா என்று டிக் அடித்தேன். ஆசிரியர்கள் என்னைக் கண்டதும் குரலை மாற்றிக்கொண்டார்கள், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டார்கள். அந்த வருஷம் முழுக்க ஒரு நிஜமான வகுப்பைக்கூட நான் பார்க்கவில்லை என்று அடுத்த வருஷம்தான் புரிந்தது. பதிவேட்டை அலுவலகத்தில் வைத்துவிட்டு ஒரு ரஃப் நோட்டோடு கடைசி வரிசையில் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். ஆசிரியரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூன்று பிள்ளைகளை மட்டும் பார்த்தேன்.

ஒரு நாள் ஆறாம் வகுப்பு அறிவியல். "துணி ஏன் காய்கிறது?" என்று ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. என் பக்கத்தில் இருந்த பெண் குழந்தை நிமிர்ந்தது, உதடு பிரிந்தது, அதற்குள் ஆசிரியரே "நீர் ஆவியாவதால், சரியா?" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டார். குழந்தை குனிந்துகொண்டது. அன்று சாப்பாட்டு வேளையில் அந்த ஆசிரியரிடம் குழந்தையின் உதடு பிரிந்ததைப் பற்றி மட்டும் சொன்னேன், வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாளைக்கு நான் மனசுக்குள் மூன்று எண்ணிப் பார்க்கிறேன்" என்றார். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் வகுப்புகளில் அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி அளவுதான், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார். அந்த ஆசிரியர் அப்போது இந்த ஆய்வைப் படித்தவர் இல்லை. தன் வகுப்புக் குழந்தை ஒன்று வாயை மூடிக்கொண்டது என்ற செய்தியே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நேரத்துக்கு என்ன செய்வது என்றால், வாரத்துக்கு இரண்டு பீரியட், அதற்கு மேல் இப்போதைக்கு ஆசைப்பட வேண்டாம். அந்த இரண்டையும் கால அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் போன் பீரோவுக்குள் இருக்கட்டும், "உடனே அனுப்பவும்" என்று வருகிற செய்திக்கு நாற்பது நிமிடம் கழித்துப் பதில் போனால் ஒன்றும் ஆகிவிடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர்த்த வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளிக்குள்ளேயே வந்து சேரும் பதிவேட்டு வேலையை அந்தப் பிரிவு தடுப்பதில்லை. எழுத்தர் இல்லாத பள்ளியில் ஒருவரிடம் எல்லாக் கணக்கையும் கொடுத்துவிட்டுக் கல்வித் தலைமையையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதைச் சங்கக் கூட்டத்திலும் அலுவலர் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருங்கள், நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

படிக்க விரும்பினால், டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தில் 2012 முதல் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது, இணையவழிப் படிப்பும் உண்டு. ஆனால் முதலில் அந்த இரண்டு பீரியட்.

கேள்வி: ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மாதந்தோறும் குறுவள மையக் கூட்டத்துக்கு, அதாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து கூடும் பயிற்சிக்குப் போகிறோம். பிபிடி ஓடுகிறது, கையெழுத்துப் போடுகிறோம், போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். பயிற்சி நடத்தும் கருத்தாளரும் பாவம், போன வாரம் அவருக்குச் சொன்னதை எங்களுக்குச் சொல்கிறார். இதனால் என் வகுப்பில் எதுவும் மாறவில்லை என்று சொன்னால் தப்பா?
– இடைநிலை ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

பதில்: தப்பே இல்லை சார். கருத்தாளரிடமும் தப்பில்லை, அவர் நம்மைப் போல ஓர் ஆசிரியர்தான். மாநில அளவில் ஐந்து நாள் நடந்தது மாவட்டத்தில் மூன்று நாளாகி, வட்டாரத்தில் இரண்டு நாளாகி, கடைசியில் உங்கள் குறுவள மையத்துக்கு வரும்போது ஸ்லைடு மட்டும் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்லைடைத் தயாரித்தவர்கள் தங்களுக்குள் போட்ட சண்டையும் கேட்ட சந்தேகமும் செய்து பார்த்த சோதனையும் கூடவே வருவதில்லை, அவர்கள் கற்றுக்கொண்டதெல்லாம் அதில்தான் இருந்தது.

புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு பேர் 1980களில் இதை விரிவாக எழுதினார்கள். விளக்கிச் சொன்னால் ஆசிரியருக்குப் புரியும், செய்து காட்டினால் இன்னும் தெளியும், ஆனால் தன் வகுப்பில் முயன்று பார்க்கும்போது பக்கத்தில் ஒரு சக ஆசிரியர் துணை நின்றால்தான் அது பழக்கமாகும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், பிள்ளைகள் அட்டைகளை வைத்து ஏணிப்படி போலத் தங்கள் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஆந்திரத்தின் ரிஷி வேலியில் அந்த முறை நடக்கும் வகுப்புகளை நம் ஆசிரியர்கள் நேரில் பார்த்து வந்தார்கள், அட்டைகளையும் அவர்களே உட்கார்ந்து தயாரித்தார்கள். பிறகு 2007–08ல் மாநிலம் முழுக்கப் போனபோது பல இடங்களில் அட்டையும் ஏணியும் போய்ச் சேர்ந்தன, அந்த உட்கார்ந்து தயாரித்த அனுபவம் போகவில்லை என்பது என் கருத்து. 2022ல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கும் அந்த ஆபத்து உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒன்று செய்து பாருங்கள். கருத்தாளரிடம் முன்கூட்டியே பேசி ஒன்றரை மணி நேரம் கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார். ஒவ்வொருவரும் ஐந்து கணக்கு நோட்டு கொண்டு வர வேண்டும், தப்பாகப் போட்டிருக்கிற நோட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நாங்கள் இப்படி உட்கார்ந்தபோது முதலில் வந்த நோட்டில் 52லிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தது. "கவனக்குறைவு" என்றார் ஒருவர். அடுத்த நோட்டிலும் அதே மாதிரி, 63லிருந்து 48ஐக் கழித்து 25. மூன்றாவது பள்ளி நோட்டிலும் அதே. கவனக்குறைவு மூன்று ஊரில் ஒரே மாதிரி வருமா? பார்த்தால் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள்: ஒன்றின் இடத்தில் 2லிருந்து 7 போகாது, ஆகவே 7லிருந்து 2ஐக் கழி. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான்.

அறை அமைதியாகிவிட்டது. அப்புறம் பேச்சு தானாக வந்தது. பத்துப் பத்தாகக் குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஐந்து கட்டு, இரண்டு உதிரி என்று கையில் கொடுத்து, "ஏழு குச்சி எடு" என்று சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? கட்டைப் பிரிக்குமா, நம்மைப் பார்க்குமா? அடுத்த வாரம் ஒரு டீச்சர் தன் வகுப்பில் செய்தார், நாங்கள் இரண்டு பேர் போய்ப் பிள்ளைகளின் விரல்களை மட்டும் பார்த்தோம். ஒரு பையன் ரப்பர் பேண்டில் விரலை வைத்துக்கொண்டு, "பிரிக்கலாமா டீச்சர்?" என்று அனுமதி கேட்டான். நோட்டில் "கடன் வாங்கல்" என்று நாங்கள் வருஷக்கணக்காகச் சொல்லி வந்ததை அவன் விரல் அப்போதுதான் முதல்முறை தொட்டது.

ஜப்பானில் நூறு வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் ஆசிரியர்கள் கற்கிறார்கள். சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு உட்கார்ந்து பிரித்துப் பேசுவது. ஜுகியோ கென்கியூ என்று பெயர், பாட ஆய்வு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டே பேர் இருக்கும் பள்ளியில் ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்ப்பது கஷ்டம் என்று தெரியும். அதற்குத்தான் குறுவள மையம். பக்கத்து ஊர் ஆசிரியரோடு ஜோடி சேர்ந்துகொள்ளுங்கள், போக முடியாத நாளில் பத்து நிமிட வீடியோ எடுத்து அவருக்கு மட்டும் அனுப்புங்கள். பிள்ளைகள் முகம் இருப்பதால் குழுவில் போட வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 47, பட்டதாரி ஆசிரியர். இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியாகிவிட்டது. இப்போது டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுது என்கிறார்கள். இதையும் தொழில்முறைக் கற்றல் என்று நினைத்துத்தான் படிக்க வேண்டுமா?
– கடலூர் மாவட்டம்

பதில்: அப்படி நினைத்துக்கொண்டு படிக்கச் சொல்ல என்னால் முடியாது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும், அதற்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் எழுத வேண்டும். இவ்வளவு வருஷம் கழித்து ஒருவரின் தகுதியை 150 கொள்குறி வினாக்களில் பார்ப்பது வலிக்கும், அந்த வலி நியாயமானது. தீர்ப்பு தீர்ப்புதான் என்பதால் தள்ளிப் போடாமல் எழுதிவிடுங்கள்.

அந்தப் பாடத்திட்டத்தில் உங்களுக்கு உபயோகமான ஒரு பகுதி உண்டு, குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், 30 மதிப்பெண். அதைத் தனியாக கைடு வைத்து மனப்பாடம் செய்வதற்குப் பதில் பள்ளியில் எழுத வேண்டியவர்கள் நாலு பேர் சேர்ந்து படியுங்கள், ஒவ்வொரு தலைப்புக்கும் உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவரை நினைத்துப் பேசுங்கள். மனதில் நிற்கும்.

கேள்வி: தனியார் பள்ளியில் ஆசிரியை. மாதத்தில் ஒரு ஞாயிறு பயிற்சி என்று கூப்பிடுகிறார்கள். யாரோ வந்து கை தட்டச் சொல்கிறார், எழுந்து நின்று உறுதிமொழி எடுக்கச் சொல்கிறார். வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். என்ன செய்வது?
– கோவை

பதில்: பிடித்தம் தவறு, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் பயிற்சி பெறும் உரிமை இருக்கிறது. உரிமை என்று வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் முக்கியம். நிர்வாகத்திடம் தனியாகப் போகாமல் மூன்று நாலு பேராகப் போய், அந்த ஞாயிற்றுக்குப் பதிலாக வாரத்தில் ஒரு பீரியட், ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கிற மாதிரி அட்டவணை போட்டுத் தரக் கேளுங்கள். நிர்வாகத்துக்குச் செலவும் மிச்சம் என்பதைச் சேர்த்துச் சொன்னால் காது கொடுப்பார்கள். அந்த நேரம் கிடைத்தால் முதல் நாளே பிள்ளைகளின் விடைத்தாள்களோடு உட்காருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். டீச்சர்கள் அடிக்கடி பயிற்சிக்குப் போகிறார்கள், அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் நடப்பதில்லை. இதைப் பற்றி நான் கேட்கலாமா? கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?
– ஒரு தாய், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: கேட்கலாம் அம்மா. உங்கள் படிப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று வளர்ச்சித் திட்டம் போடுவதும் உங்கள் குழுவின் வேலை. பயிற்சி நாளில் மாற்று ஆசிரியர் வேண்டும் என்பதை அந்தத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள், தலைமையாசிரியரே மேலே கேட்பதற்கு அது அவருக்குக் கை கொடுக்கும்.

ஏன் போனீர்கள் என்று கேட்டால் மனம் வருத்தப்படுவார்கள். "டீச்சர், போன பயிற்சியில் கற்றுக்கொண்டதில் எங்கள் பிள்ளைகளுக்கு எதைச் செய்யப் போகிறீர்கள், நான் ஒரு நாள் வந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற பெற்றோரை நான் வேலையில் இருந்தபோது மிகச் சிலரைத்தான் பார்த்தேன், வந்த ஒவ்வொரு முறையும் ஆசிரியர் அறையில் அன்றைய பேச்சே மாறியிருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிள்ளையின் கணக்கு நோட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.