களி, ரேஷன் அரிசி, நைட் ஷிப்ட்: உடல் எடை பற்றிய கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் உடல் எடை பற்றிக் கேட்டவற்றுக்கு, உணவு ஆலோசகராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எடை குறைக்கும் பொடி எதையும் நான் பரிந்துரைப்பதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோடு வாசகர்: எங்கள் தாத்தா மூன்று வேளையும் களிதான், கடைசி வரை ஒல்லி. நானும் களிக்கு மாறினால் எடை குறையுமா அக்கா?

களி நல்லதுதான் தம்பி. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரி, அரிசியில் சுமார் 350. பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்து மட்டும் கேழ்வரகில் மூன்று மடங்குக்கு மேல், அதனால் பசி தாங்கும். தாத்தா ஏர் பிடித்தார், மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டினார், சந்தைக்கு நடந்தே போனார். இப்போது டிராக்டர், மோட்டார், பைக். உருண்டையை மட்டும் அதே அளவில் பிடிக்கிறோம். தருமபுரி ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் 2023-இல் வந்தது. வாங்குங்கள். உருண்டையைச் சின்னதாகப் பிடித்து, கீரைக் கடைசலை நிறைய வையுங்கள்.

ஓசூர் வாசகர்: கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம், 11 கிலோ ஏறிவிட்டது.

அறையில் நாலு பேர், அடுப்பு கிடையாது, வாரம் மாறினால் ஷிப்டும் மாறும். இப்படி வாழ்கிற பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டுவது எனக்குப் பிடிக்காது. தூக்கம் குறைந்தால் பசி கூடும். நைட் ஷிப்டில் கண்ணைத் திறந்து வைக்க நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே சுமார் 130 கலோரி. சர்க்கரையை நிறுத்துங்கள். வேலைக்குப் போகும் முன் முழுச் சாப்பாடு, நடு இரவில் சுண்டல் அல்லது அவித்த முட்டை. விடிந்ததும் பரோட்டா கடைக்குப் போகாமல் நேராகத் தூங்கப் போங்கள்.

காரிமங்கலம் வாசகி: எந்தப் பொடி நல்லது?

எதுவும் வேண்டாம் அம்மா.

அரூர் வாசகர்: இலவச அரிசி கொடுத்துத்தான் சனங்களுக்கு உடம்பு போட்டது.

ஒப்புக்கொள்ள மாட்டேன் ஐயா. அரிசி இலவசமானது 2011-இல். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4. இரண்டு முறையும் அரிசி இலவசம்தானே? வசதியான வீடுகளில்தான் பருமன் இன்னும் அதிகம். ஏழை வீட்டில் பருப்பும் காயும் முட்டையும் விலை, அதனால் சோறு மலையாகவும் குழம்பு தண்ணியாகவும் இருக்கிறது. அது அரிசியின் குற்றமா?

அரூர் வாசகர்: அப்போ வேறு எதைச் சொல்வீர்கள்?

எண்ணெயைச் சொல்வேன். நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல், சுமார் 340 கலோரி. சட்டியில் சாய்த்து ஊற்றும்போது கண்ணுக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர்?

கிருஷ்ணகிரி வாசகி: மாம்பழம் சாப்பிடலாமா?

பழமாக ஒன்று சாப்பிடலாம். பாட்டில் ஜூஸ் வேண்டாம்.

ஊத்தங்கரை வாசகர்: கொள்ளுப் பொடி?

கொள்ளு ரசம் வையுங்கள். பொடிக்கு மேலேயே பதில் சொல்லியாயிற்று.

பென்னாகரம் வாசகி: தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. மருத்துவரைப் பாருங்கள்.

அரூர் வாசகர்: வீட்டில் கேட்டேன். நாலு பேர், 6 லிட்டர்.

அடுத்த மாதம் 4 லிட்டர் மட்டும் வாங்குங்கள் ஐயா. அம்மாவிடம் ஒரு கரண்டியைக் கொடுத்து, அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.