நாலு வயசுப் பையனும் ஒரு ஸ்பூன் துவரனும்

கேள்வி: டீச்சரக்கா, என் மகனுக்கு நாலு வயது. காலையில் மட்டி வாழைப்பழம் இரண்டு தின்பான். மற்றபடி வெள்ளைச் சோறு, பப்படம், பால், இவ்வளவுதான். கீரைத் துவரனில் (தேங்காய் போட்ட பொரியல்) ஓர் இலை சோற்றில் கிடந்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறான். மூக்கைப் பிடித்து ஊட்டு என்கிறார் மாமியார். நான் என்ன செய்ய?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: மூக்கை மட்டும் பிடித்துவிடாதே மக்கா. என் மூத்தவனுக்கு மூன்று வயதில் நான் அப்படித்தான் பாகற்காய் ஊட்டினேன். வாந்தி எடுத்தான். இப்போது அவனுக்கு 34 வயது. பாகற்காய் வேகும் மணம் வந்தாலே அடுக்களைப் பக்கம் வரமாட்டான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை, பழக்கமில்லாத உணவைக் கண்டால் பிள்ளைகள் பின்வாங்குவது இயல்பு. ஒரே காயைப் பத்துப் பதினைந்து தடவை கண்ட பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும். நாம் மூன்றாம் நாளே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று விட்டுவிடுகிறோம். அங்கன்வாடியில் 26 வருஷம் இருந்தேன். முருங்கைக்கீரையைத் தட்டின் ஓரமாக ஒதுக்கியே வைத்த ஒரு பெண்குழந்தை, ஒருநாள் தோழியின் தட்டைப் பார்த்துவிட்டுத் தானாக எடுத்துத் தின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை, கைதட்டவும் இல்லை. மறுநாளும் தின்றது.

அதனால் தினமும் ஒரு ஸ்பூன் துவரன், சோற்றோடு கலக்காமல், தட்டின் ஓரத்தில் வை. தின்றால் சரி, தின்னாவிட்டாலும் சரி. ‘இதைத் தின்றால் மிட்டாய்’ என்று மட்டும் சொல்லாதே. மிட்டாய்தான் நல்லது, கீரை தண்டனை என்று அவன் எடுத்துக்கொள்வான்.

துவரனைவிட அவியல் அவனுக்கு எளிது என்று எனக்குத் தோன்றுகிறது. தடியங்காய் (வெள்ளைப் பூசணி), சேனை, ஏத்தங்காய் (நேந்திரங்காய்) எல்லாம் விரல் நீளத்தில் வெந்து கிடக்கும். கையால் எடுக்கலாம், எது என்ன என்று கண்ணுக்கும் தெரியும். மிளகாயைக் குறைத்து, தேங்காயைக் கொஞ்சம் கூட்டி அரை.

மட்டிப் பழம் தின்கிறானே, அதை லேசாக நினைக்காதே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பழம் அது. அங்கிருந்தே நடத்திக்கொண்டு போ. மட்டியோடு ஒரு துண்டு செந்துளுவன் (செவ்வாழை), அப்புறம் அவித்த ஏத்தன் பழம், அது பழகியதும் பப்பாளி. சந்தைக்குப் போகும்போது அவனையும் கூட்டிப்போய், ஒரு காயை அவனே எடுக்கட்டும். பச்சைக் கேரட், முழுத் திராட்சை மட்டும் இந்த வயதில் அப்படியே கொடுக்காதே, தொண்டையில் அடைக்கும். கேரட்டை வேகவை, திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கு.

பாலையும் கவனி. நாளுக்கு இரண்டு டம்ளர் போதும். சோற்றுக்கு ஒரு மணி நேரம் முன்னால் பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம். பால் நிறைந்த வயிற்றில் பசி எங்கே வரும்?

எடை கூடாமல் நின்றாலோ, கட்டியான எதை விழுங்கவும் திணறினாலோ, தின்று வந்ததையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டாலோ, தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டு.

மாமியாரிடம் கோபப்படாதே. பேரன் வயிறு வாடுகிறதே என்ற பதைப்புதான் அவருக்கு. மத்தியானம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதே துவரனைப் பிசைந்து சாப்பிடச் சொல். அவனுக்கு ஊட்ட வேண்டாம், அவர் சாப்பிட்டால் போதும்.