உடும்புப்பிடி: சண்டையில் எதிரியைப் பிடித்து வைப்பது பற்றிக் கேள்வி பதில்

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மேசையில் விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், எதிரியைப் பிடித்து வைக்கும் கிறப்பிள் விதி பற்றித்தான் இந்தக் கிழமை கேள்விகள் குவிந்திருக்கின்றன. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கனகாலமாக டன்ஜன் மாஸ்டராக ஆட்டம் நடத்துகிறேன், அதனால் பதிலில் கொஞ்சம் சொந்த எரிச்சலும் கலந்திருக்கும். கிறப்பிளை நாங்கள் "பிடி" என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கேயும் அப்படியே.

கேள்வி: அக்கா, எங்கள் மேசையில் 2014 புத்தகமும் கிடக்கிறது, 2024 புத்தகமும் கிடக்கிறது. பிடி வந்தாலே வாக்குவாதம். எது சரி? (கொட்டாஞ்சேனை)

இரண்டும் ஐந்தாம் பதிப்பின் விதிப்புத்தகங்கள்தான், இரண்டும் சரி தம்பி, கலப்பதுதான் பிழை. 2014இல் பிடிக்கிறவர் இருபது பக்கப் பகடையில் அத்லெட்டிக்ஸ் (உடல்வலுத் திறன்) உருட்டுவார், எதிரி அத்லெட்டிக்ஸ் அல்லது அக்ரோபட்டிக்ஸ் (உடலை வளைக்கும் திறன்) உருட்டுவார், பெரிய எண்ணுக்கு வெற்றி. 2024இல் பிடிக்கிறவர் உருட்டுவதே இல்லை. 8, அதோடு பலத்தின் மொடிஃபையர் (பலத்துக்கேற்ற கூட்டல் எண்), ப்ரொஃபிஷன்சி போனஸ் (லெவலோடு வளரும் கூட்டல் எண்), அதுதான் எதிரி எட்ட வேண்டிய எண். பலத்திலோ சுறுசுறுப்பிலோ எது தனக்கு வசதியோ அதில் அவர் சேவிங் த்ரோ, அதாவது தப்புவதற்கான உருட்டல், போடுவார். ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்குப் பலம் 18 என்றால் 8, 4, 3 கூட்டி 15. பலம் 19 உள்ள ஓகர் என்ற அரக்கனுக்கு மொடிஃபையர் 4 கிடைக்கும், பகடையில் 11 விழுந்தால் தப்பிவிடும், அதாவது பாதிக்குப் பாதி. இதில் வயிற்றெரிச்சல் யாருக்கென்றால், அத்லெட்டிக்ஸில் எக்ஸ்பெர்ட்டிஸ் (இரட்டிப்புத் தேர்ச்சி) எடுத்து வைத்திருக்கும் ரோக் (திருடன்), பார்ட் (பாணன்) ஆட்களுக்கு. புதுப் புத்தகப்படி அது அவர்களுக்குப் பிடியிலிருந்து தப்பத்தான் உதவும், பிடிக்க உதவாது.

கேள்வி: பிடித்தேன், சரி, அப்புறம்? ஒரு டேமேஜும் விழவில்லை. பேசாமல் வாளால் வெட்டியிருக்கலாம். (தெஹிவளை)

எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். பிடி என்பது அடி இல்லை, எதிரி எங்கே நிற்கலாம் என்பதை அவனிடமிருந்து பறிப்பது. பிடிபட்டவனின் வேகம் 0. போன மாதம் எங்கள் மேசையில் ஒரு ஓகர் நேரே எங்கள் மந்திரவாதி விசார்டை நோக்கி வந்தது, அவரிடம் மிச்சம் ஆறு ஹிட் பொயின்ட் (உயிர்ப் புள்ளி). மேப்பில் ஓகருக்குப் பதில் ஒரு சோடா மூடி, கொத்து ரொட்டி எண்ணெய் பட்டு வழுக்கிக்கொண்டிருந்தது. ஃபைட்டருக்கு ஒரு டேர்னில் இரண்டு அடி. முதல் அடிக்குப் பதில் பிடித்தார், இரண்டாவதற்குப் பதில் தள்ளி விழுத்தினார். எழும்ப வேகத்தில் பாதி வேண்டும், வேகமே 0, ஆகவே எழும்பவே முடியாது. கிடந்தபடி அது அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிச் சின்ன எண்ணை எடுப்பது), பக்கத்தில் நின்று அதை அடிப்பவர்களுக்கு அட்வான்டேஜ் (பெரிய எண்ணை எடுப்பது). சோடா மூடியைக் கவிழ்த்து வைத்தோம், மூன்று சுற்று அது அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: விழுந்து கிடப்பவனை ஐந்து அடிக்கு அப்பால் நின்று அடித்தால் டிஸ்அட்வான்டேஜ். உங்கள் வில்லாளி உங்களைத்தான் திட்டுவார், எங்களுடையவர் திட்டினார்.

கேள்வி: டிராகனைப் பிடிக்கலாமா? (மட்டக்குளி)

உங்களைவிட ஓர் அளவு பெரியது வரைக்கும்தான் பிடிக்கலாம். அளவுகள் மீடியம், லார்ஜ், ஹியூஜ் என்று ஏறிக்கொண்டு போகும். மனிதன் மீடியம், ஆகவே லார்ஜ் வரை. இளம் டிராகன் லார்ஜ், பிடிக்கலாம், அதற்குப் பிறகு உங்கள் பாடு. வளர்ந்தது ஹியூஜ், அதற்கு யாராவது என்லார்ஜ் மந்திரம் போட்டு உங்களைப் பெருப்பிக்க வேண்டும். ஒரு கை வெறுங்கையாக இருக்க வேண்டும் என்பதையும் கேடயக்காரர்கள் வசதியாக மறந்துபோகிறார்கள்.

கேள்வி: மந்திரவாதியைப் பிடித்தால் வாயைப் பொத்தலாம்தானே? (பம்பலப்பிட்டி)

விதியில் இல்லை. பிடிபட்டவன் தாராளமாக மந்திரம் சொல்லலாம், மிஸ்டி ஸ்டெப் என்ற இடம் தாவும் மந்திரம் போட்டு முப்பது அடி தள்ளிப் போய் நின்று சிரிக்கலாம். என் மேசையில் வாய் பொத்தக் கேட்டால் விடமாட்டேன். ஒருமுறை விட்டேன், அடுத்த கிழமை முழுக்க வில்லன்கள் அதையே என் ஆட்களுக்குச் செய்ய வேண்டி வந்தது, விசார்டாக விளையாடிய தங்கச்சி கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கேள்வி: பிடித்தவனை இழுத்துக்கொண்டு போகலாமா? (வெள்ளவத்தை)

போகலாம், ஆனால் உங்கள் நடை பாதியாகும். முப்பது அடி நடப்பவர் பதினைந்து அடி இழுப்பார். ஸ்பைக் குரோத் என்ற முள் முளைக்கும் மந்திரம் போட்ட நிலத்தின் ஓரத்தில் நீங்கள் வெளியே நடந்து அவனை உள்ளே இழுத்தால் ஒவ்வோர் ஐந்து அடிக்கும் 2டி4 (நாலு பக்கப் பகடை இரண்டு) டேமேஜ், பதினைந்து அடிக்கு 6டி4. தேங்காய்த் துருவல் என்று பெயர் வைத்திருக்கிறோம். டன்ஜன் மாஸ்டராக எனக்குப் பிடிக்காது, விதிப்படி தடுக்கவும் வழியில்லை.

கேள்வி: அண்ணாவின் பழைய 3.5 புத்தகத்தில் பிடி பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறதே? (கல்கிசை)

அது பழைய பதிப்பு, 2003ஆம் ஆண்டுப் புத்தகம். முதலில் எதிரிக்கு ஓர் இலவச அடி, பிறகு தொடுகிற அடி, பிறகு இருவரும் உருட்டுவது. மூடி வையுங்கள்.

கேள்வி: என் மொன்ஸ்டர்கள் பிடித்தால் விளையாடுபவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். தப்ப ஒரு அக்‌ஷனே போகிறதாம். (நுகேகொடை)

பிடிபட்டவர் தன் அக்‌ஷனை ஏன் செலவழிக்க வேண்டும்? பிடித்தவன் எட்டும் தூரத்தைத் தாண்டினால் பிடி தானாக விட்டுப்போகும். ஐந்து அடி மட்டும் எட்டுகிற மொன்ஸ்டர் என்றால், கூட்டாளி ஓடிவந்து தான் அடிக்கும் ஓர் அடிக்குப் பதில் பிடிபட்டவரையே தள்ளிவிடலாம். 2024 விதிப்படி பிடிபட்டவர் தன் சேவிங் த்ரோவை வேண்டுமென்றே தோற்கலாம், உருட்டவே தேவையில்லை. எங்கள் முரட்டு வீரன் பார்பேரியன் இப்படி எங்கள் பூசாரி கிளரிக்கை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறார். இரண்டாம் முறை தள்ளியது கிணற்றுப் பக்கம், அது வேறு கதை.