லூருக்கு அடித்த பெயிண்ட் உரிவதும், பாரை அதைச் சீண்டாததும்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்துக்குப் பக்கத்து ஊர் எனக்கு. வள்ளங்களுக்குப் பெயிண்ட் அடிப்பதும் பெயர் எழுதுவதும் தொழில். ஓய்வு நாளில் பாறையில் நின்று தூண்டில் போடுவேன். ஒரு வருடமாகப் பழைய பிளாஸ்டிக் லூர்களை, அதாவது தூண்டிலில் மாட்டும் பொய் மீன்களை எடுத்து, வள்ளத்துக்கு அடிக்கிற எனாமலில் நானே மீன் மாதிரி வரைந்து, மேலே இரண்டு பாகம் கலந்து பூசும் கண்ணாடி மாதிரியான எபாக்சி ரெசின் பூசுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் இரண்டு நாள் போட்டாலே பெயிண்ட் தோலாக உரிகிறது. சிலவற்றில் எபாக்சி பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட வருத்தம், அச்சு அசல் அயிலை மாதிரி வரைந்த லூரைப் பாரை மீன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடையில் வாங்கிய சிவப்புத் தலை, வெள்ளை உடம்பு லூரைத்தான் அடிக்கிறது. எங்கே தப்பு, அண்ணே?

பதில்: தம்பி, உரிவதற்கும் வெளுப்பதற்கும் மருந்து எளிது. பாரை சீண்டாததுதான் பெரிய விஷயம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அயிலையின் முதுகில் இருக்கும் நீலப்பச்சையும் கரும்புள்ளி வரிசையும் எதற்காக இருக்கின்றன? மேலிருந்து பார்க்கும் பறவைக்கும், பக்கத்திலிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்வதற்காக. அதை நீங்கள் அச்சு அசலாக வரைந்தால் உங்கள் லூரும் அதே திறமையோடு ஒளிந்துகொள்ளும். நீங்கள் சரியாக வரைந்திருக்கிறீர்கள், அதுவே காரணம். கடலில் அயிலை ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் போகிறது. பாரை அந்தக் கூட்டத்தில் தேடுவது, ஒளிய முடியாமல் தவறுகிற ஒன்றை. அடிபட்டு ஒருக்களிக்கும், வயிறு வெளியே தெரியும், ஒரு நொடி பளிச்சென்று மின்னும். லூரில் வரைய வேண்டியது அந்தத் தவறைத்தான்.

சிவப்புத் தலை, வெள்ளை உடம்புக்கு வருவோம். தண்ணீர் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி விடுவதில்லை. தெளிந்த கடலில்கூடச் சிவப்பு முதல் 5, 10 மீட்டருக்குள் மங்கிக் கறுத்துவிடும். நீலம்தான் அதிக ஆழம் போகும். ஆழம் மட்டும் கணக்கில்லை, தூரமும் சேரும். உங்கள் லூர் 2 மீட்டர் ஆழத்தில் ஓடுகிறது, பாரை 5 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். வெயில் 7 மீட்டர் தண்ணீரைத் தாண்டித்தான் அதன் கண்ணுக்குப் போய்ச் சேருகிறது. அந்தப் பாரைக்குத் தெரிவது சிவப்புத் தலை இல்லை, கறுத்த தலையும் வெளுத்த உடம்பும். இருட்டும் வெளிச்சமும் ஒன்றையொன்று வெட்டி நிற்பதால் தூரத்திலேயே கண்ணில் படுகிறது. நீங்கள் ஒற்றை முடித் தூரிகையில் இழுத்த மெல்லிய கோடுகள் அந்தத் தூரத்தில் ஒன்றோடொன்று கரைந்து, கடலின் சாம்பல் பச்சையோடு கலந்துவிடும்.

அதற்காகக் கலையை விட்டுவிட்டு எல்லா லூரையும் இரண்டு நிறத்தில் முக்கி எடுக்கச் சொல்லவில்லை. எதை வரைய வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிவதுதான் இந்தக் கலை. அதைக் கற்றுக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். விடியற்காலையில் கரைக்குப் போய், ஐஸில் படாத புதுச் சாளை ஒன்று வாங்குங்கள். வெள்ளைத் தட்டில் கடல் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வெயிலில் வையுங்கள். மேலிருந்து பார்த்தால் நீலமும் பழுப்பும் கலந்த இருட்டு முதுகு. பக்கத்தில் முதுகும் வெள்ளியும் சேருகிற இடத்தில் லேசாகப் பொன் ஓடும். செவுள் மூடி முடிகிற இடத்தில் ஒரு கரும்புள்ளி. இப்போது மெதுவாக உருட்டுங்கள். ஒரு கோணத்தில் வெள்ளி முழுக்க இருண்டு கிடக்கும். இன்னும் கொஞ்சம் உருட்டினால் மொத்தப் பக்கமும் கண்ணாடித் துண்டுபோல வெயிலைத் திருப்பி அடிக்கும். கவிழ்த்தால் வயிறு சுத்த வெள்ளை. இருட்டு முதுகு, அந்த மின்னல், வெள்ளை வயிறு, கரும்புள்ளி, கண் ஆகிய ஐந்தையும் நிஜத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக வரையுங்கள். கரும்புள்ளியை ஒன்றரை மடங்கு பெரிதாக வையுங்கள். கண்ணையும் அப்படித்தான், வெளிர் வட்டத்துக்குள் கறுப்புப் பாவை. முதுகு முடிகிற கோட்டைக் குழைக்காமல் அழுத்தமாக நிறுத்துங்கள். செதில், துடுப்புக் கோடு, வாய் மடிப்பு எல்லாம் உங்கள் மனத்திருப்திக்கு வரையலாம், தப்பில்லை. நல்ல வேலையைக் கையில் வைத்திருக்கும் சந்தோஷமும் வேண்டும்தானே. ஆனால் அவை இந்த ஐந்தை மறைக்கக் கூடாது.

வயிற்றை மறந்துவிடாதீர்கள். மேசையில் வைத்து வரைகிறவர்கள் முதுகுக்கு இரண்டு மணி நேரமும் வயிற்றுக்கு இரண்டு நிமிடமும் கொடுப்பார்கள். பாரையும் நெய்மீனும் பெரும்பாலும் கீழிருந்தும் பின்னாலிருந்தும் வருகிற மீன்கள். அவை பார்க்கும் பக்கம் நாம் பார்க்காத பக்கம். வெள்ளை வயிற்றில் தொண்டையை ஒட்டி ஒரு விரற்கடை அளவுக்கு ஆரஞ்சு தடவினாலும் போதும், லூர் ஆடும்போது அந்த இடம் துடிப்பது தெரியும்.

நிறம் தண்ணீரைப் பொறுத்தது. மார்கழியிலிருந்து மாசி வரை முட்டம் பாறையில் தண்ணீர் தெளிந்து நீலமாகக் கிடக்கும்போது வெள்ளி, நீல முதுகு, வெள்ளை வயிறு என்று இயல்பாகவே வைக்கலாம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்து ஆற்றுத் தண்ணீர் இறங்கிவிட்டால் கதையே வேறு. கடியபட்டணத்தில் வள்ளியாறு விழும் இடம், மணக்குடிப் பொழிமுகம், தேங்காய்பட்டணத்தில் குழித்துறையாறு சேரும் இடம், எங்கும் தண்ணீர் செம்மண்ணும் பச்சையும் கலந்து நிற்கும். கலங்கிய தண்ணீரில் நீலம்தான் முதலில் சாகும். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம் அதிக தூரம் தாங்கும். அங்கே வெள்ளிக்குப் பதில் பொன் பூச்சு, எலுமிச்சைப் பச்சைப் பக்கம், கறுப்பு முதுகு. பளீரென்று ஒளிரும் ஃப்ளோரசன்ட் பெயிண்ட் உதவுவதும் இங்கேதான். அது கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி, தெரிகிற நிறமாகத் திருப்பித் தரும். ஆனால் அடியில் சுத்த வெள்ளை இருந்தால்தான் எரியும், கறுப்பின் மேல் அடித்தால் செத்துவிடும். வெயிலில் சீக்கிரம் வெளுக்கவும் செய்யும், அதனால் லூர்ப் பெட்டியைப் பாறையில் திறந்து போடாதீர்கள்.

கணவாய்க்கு வரைவதாக இருந்தால் இதில் பாதியை மறந்துவிடலாம். அதன் கண்ணில் ஒரே ஒரு ஒளிநிறமி, நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இருட்டு, வெளிச்சம், பட்டை இவைதான் அதற்குக் கணக்கு. ஜிக் என்கிற இறால் வடிவ லூரில் முதுகுப் பட்டையை அழுத்தமாகப் போட்டு, இரவுக்கு இருட்டில் ஒளிரும் பூச்சை அடியில் கொடுங்கள், போதும்.

இனி உரிகிற பிரச்சினை. வள்ளத்து எனாமல் மரத்துக்கும், தேய்த்த ஃபைபருக்கும் பிடிக்கிற பொருள். லூர் பிளாஸ்டிக் வழுவழுப்பானது. அதிலும் வெள்ளிபோல மினுங்கும் பூச்சுள்ள லூர் கண்ணாடிக்குச் சமம். எனாமலுக்குப் பிடித்து நிற்க அங்கே ஒன்றுமே இல்லை. அதோடு எனாமல் காற்றைக் குடித்துத்தான் உள்ளுக்குள் இறுகும். மேலே தொட்டால் காய்ந்தது மாதிரி இருக்கும், அடியில் பல நாள் பச்சையாகவே கிடக்கும். அதன் மேல் எபாக்சியைப் போட்டு மூடிவிட்டால் உள்ளே தின்னர் வெளியேற வழியில்லை. பிறகு ஒரு பல் பட்டதும் எபாக்சியும் எனாமலும் சேர்ந்து சட்டையைக் கழற்றுவதுபோல வந்துவிடும்.

இப்படிச் செய்யுங்கள். லூரில் தொங்கும் மூன்று முனைத் தூண்டில் முட்களையும் அவற்றை மாட்டும் வளையங்களையும் கழற்றுங்கள். 400 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டு, மினுக்கம் முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும். ஒரு இடம் மினுங்கினாலும் உரிவது அங்கே தொடங்கும். சோப்பில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்த பிறகு விரல் படக் கூடாது, விரலின் எண்ணெயே போதும் பெயிண்டைத் தூக்கிவிட. தின்னரால் துடைக்கவே வேண்டாம், லூர் பிளாஸ்டிக்கை அது இளக்கி விரிசல் விட வைக்கும். அடுத்து பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிரைமர் ஒரு மெல்லிய கோட். அதன் மேல் வெள்ளை. நிறத்துக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக். ஒவ்வொரு கோட்டுக்கும் முடி உலர்த்தும் மெஷினின் சூடு கொடுத்தால் அடுத்த கோட் அதைக் கலக்காது.

பிடித்திருக்கிறதா என்று கடலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டாம். உதவாத லூர் ஒன்றில் இதே முறையில் அடித்து, இரண்டு நாள் கழித்துப் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறுங்கள். மேலே செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டம் ஏதாவது டேப்போடு வந்தால் தேய்த்தது போதவில்லை என்று அர்த்தம்.

செதிலுக்கு வலைதான், அதற்கு உங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. பெரிய லூருக்குக் கிழிந்த நெத்திலி வலைத் துண்டு, சின்னதற்குக் கொசுவலை. ஈரமில்லாத லூரில் வலையை இழுத்துச் சுற்றி, வயிற்றுப் பக்கம் துணி கிளிப்பால் கடித்து வையுங்கள். தளர்ந்தால் செதில் மங்கிவிடும். ஏர்பிரஷ் இருந்தால் முதுகிலிருந்து கீழாகத் தூவலாம். இல்லாவிட்டால் ஸ்பாஞ்சு போதும். பெயிண்டைத் தொட்டு, பழைய பேப்பரில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்த ஸ்பாஞ்சால் வலைக்கு மேல் தட்டித் தட்டி எடுங்கள். வலையைப் பிரிக்கும் அந்த நொடி, சாம்பல் நிறத்துக்கு மேல் வரிசை வரிசையாகச் செதில் எழுந்து நிற்கும். எத்தனை வருடமானாலும் எனக்கு அந்த நொடி அலுக்கவில்லை.

மின்னலுக்கு வெள்ளிப் பெயிண்டை நம்பாதீர்கள், அது சாம்பலாகத்தான் தெரியும். நிஜ மின்னலுக்கு உலோகத் தகடு வேண்டும். பின்லாந்தில் லவுரி ரப்பாலா என்ற மீனவர் 1936-இல் முதல் லூரைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையில் செதுக்கி, அதன் மேல் சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை ஒட்டினார். வார்னிஷ் வாங்க வசதியில்லாமல் போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசினார். உலகம் முழுக்கப் போன ஒரு லூரின் ஆரம்பம் அது. நீங்கள் ஒட்டும் அலுமினிய டேப்பை எடுத்து, அரத்தின் மேல் வைத்து நகத்தால் தேயுங்கள். அரத்தின் கோடு அப்படியே செதிலாகப் பதியும். பக்கத்துக்கு ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் மெல்லிய பச்சையோ பொன்னோ தடவினால் சாளை உருண்டபோது பார்த்த அந்தக் கண்ணாடி உங்கள் லூரில் வந்துவிடும்.

எபாக்சி வெளுப்பது நம் ஊர்க் காற்றால்தான். ஒரு ஐப்பசி மழை நாளில் 12 லூருக்கு ஒரே மூச்சில் பூசித் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் எல்லாம் மோர் குளித்ததுபோல நின்றன, தொட்டால் பிசுபிசுப்பு. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் எபாக்சியை இறுக வைக்கும் பாகமான ஹார்டனர் அந்த ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமிலவாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகுபோல ஒரு படலமாகப் படியும். அந்தப் படலம் தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் நாரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, 600 தாளில் மெல்லத் தேய்த்து மறுபடி பூசினால் பெரும்பாலானவை மீண்டுவிடும். நமக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு. அதனால் வெயில் நாளில் பகல் 11 மணிக்கு மேல் பூசி, உலரும்போது மூடிய அறையில் ஒரு குண்டு பல்பு எரியவிடுங்கள். இரண்டு பாகத்தையும் கண்ணளவில் ஊற்றக் கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் அளவில் ஊற்றி, குமிழி வராமல் மெதுவாக இரண்டு மூன்று நிமிடம் கலக்க வேண்டும்.

பூசிய லூர் சுற்றிக்கொண்டே இறுக வேண்டும், இல்லையென்றால் எபாக்சி வயிற்றில் சொட்டாக நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டார் ஸ்பேர் கடையில் தனியாகக் கிடைக்கும். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று சுற்றும், இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். வோல்டேஜ் பார்த்து வாங்குங்கள். பழைய அடுப்பைத் திறந்து எடுக்கப் போகாதீர்கள், உள்ளே இருக்கும் கபாசிட்டரில் மின்சாரம் தங்கி ஆளையே அடிக்கும்.

உங்கள் தொழிலில் கைக்கெட்டும் இரண்டு பொருளுக்கு எச்சரிக்கை. வள்ளம் செய்யும் பாலியஸ்டர் ரெசினை எபாக்சிக்குப் பதில் பூச ஆசை வரும். அதிலுள்ள ஸ்டைரீன் அக்ரிலிக்கைக் கரைத்து, வரைந்ததை எல்லாம் சேறாக்கிவிடும். கார்களுக்கு அடிக்கும் இரண்டு பாக கிளியர் பூச்சு பளபளப்பாக இருக்கும், ஆனால் அதன் ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அதைத் தூவவே கூடாது.

கடைசியாக எடை. ஒவ்வொரு கோட்டும் லூரின் எடையைக் கூட்டுகிறது, வயிற்றில் எபாக்சி தடித்தால் ஆட்டமே மாறிவிடும். முள்ளையும் வளையத்தையும் மாட்டி ஒரு வாளியில் போட்டுப் பாருங்கள், வாளியில் கடல் தண்ணீர்தான் இருக்க வேண்டும். அது கிணற்றுத் தண்ணீரைவிடக் கனம் கூடியது, ஆயிரத்துக்கு 1,025 என்ற கணக்கு. கிணற்றுத் தண்ணீரில் மெல்ல அமிழும் லூர் முட்டத்தில் மிதக்கலாம். நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்து எபாக்சியை 600 தாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் வாளியில் போட்டுப் பாருங்கள். தேய்த்த இடத்துக்கு மெல்லிய ஒரு கோட் மட்டும் போட்டால் போதும்.