வாரத்தில் மூன்று நாள்தான் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குச் சத்துணவு உண்டா?

உண்டு, வந்த நாளுக்கு.

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் இந்தக் கேள்வி எழும். அப்பா அம்மாவோடு தோட்டத்துக்குப் போய், வாரத்தில் பாதி நாள் மட்டும் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் உண்டு.

சத்துணவு என்பது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மதியம் இலவசமாகத் தரும் சூடான சாப்பாடு. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதை 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் உரிமையாக்கியது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தருகிறார்கள். 2015இல் வந்த விதிகள் கேட்பது இரண்டே: பள்ளியில் பெயர் இருக்க வேண்டும், பிள்ளை வர வேண்டும். இத்தனை நாள் வந்தால்தான் தட்டு என்று அதில் இல்லை.

காரணம், சமையல் அன்றன்றைய கணக்கில் நடக்கிறது. காலையில் தலை எண்ணி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் வீதம் அரிசி அளந்து உலையில் போடுவார்கள். முட்டையும் அந்தக் கணக்கில்தான் வேகும். கல்யாணப் பந்தி மாதிரி. பத்திரிகை வைத்திருந்தாலும் வந்து உட்கார்ந்தால்தான் இலை விழும். நேற்று நலங்குக்கு வரவில்லையே என்று யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். (பத்து மணிக்கே பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டால் அன்று சாப்பாடு கிடைக்காது. அது உரிமைப் பிரச்சினை இல்லை, நேரப் பிரச்சினை.)

ரேஷன் அட்டையோ வருமானச் சான்றோ காட்டினால்தான் சோறு என்று பலர் நினைக்கிறார்கள், இரண்டும் தேவையில்லை.